சொட்டுவது எந்தக் குழாய் என்று முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பிளம்பர் வேலை பார்க்கிறவன். பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் குடியிருக்கிறேன். பெருமாள்புரம், தியாகராஜ நகர், மகாராஜ நகர், என்.ஜி.ஓ. காலனி, கே.டி.சி. நகர் பக்கம்தான் என் வேலையெல்லாம். முன்பு தனி வீடுகளில்தான் அழைப்பு அதிகம் வரும். இப்போது ஆறு வீடு, எட்டு வீடு உள்ள சின்ன அடுக்குமாடிகளில்தான் பாதிப் பிழைப்பு. அப்பா கட்டிய வீட்டை இடித்து, அதே அஞ்சாறு சென்ட்டில் கீழே கார் நிறுத்த இடம், மேலே மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடு என்று கட்டி விற்றுவிடுகிறார்கள்.

இந்தச் சின்னக் கட்டிடங்களில் அக்கம்பக்கத்தாருக்குள் வரும் சண்டையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பெரிய அபார்ட்மென்ட் என்றால் மேனேஜர் உண்டு, எலக்ட்ரீஷியன் உண்டு, புகார் எழுத ஒரு நோட்டாவது இருக்கும். ஆறு வீட்டில் இருப்பது ஒரு வாட்ஸ்அப் குழு. ஒருத்தர் ஈரமான சுவரைப் படம் எடுத்து அதில் போடுவார். அடுத்தவர் காரமாகப் பதில் போடுவார். இரண்டு நாளில் ஒருத்தர் குழுவை விட்டு வெளியேறுவார். அப்புறம் மாடிப்படியில் எதிரெதிரே வந்தாலும் முகம் கொடுப்பதில்லை.

நான் பார்த்த வரையில் இந்தச் சண்டைகளில் முக்கால்வாசி தண்ணீரில்தான் தொடங்குகின்றன. கார் நிறுத்துவது, மொட்டை மாடியில் துணி காயப்போடுவது, செருப்பு ஸ்டாண்டு, நாய், குப்பை எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும். "உங்க பாத்ரூம் ஒழுகுது" என்பார் கீழே இருப்பவர். "எங்க பாத்ரூம் நல்லாத்தான் இருக்கு" என்பார் மேலே இருப்பவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியாது, அவ்வளவுதான். பைப் டைல்ஸுக்கு அடியிலும் சுவருக்கு உள்ளேயும் போகிறது. யார் கண்ணுக்கும் படாத ஒன்றைப் பற்றிப் பேசும்போது, யார் குரல் உயருகிறதோ அவர் பக்கம் நியாயம் இருக்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

ஒரு கட்டிடத்தைச் சொல்கிறேன், எந்தத் தெரு என்று வேண்டாம். ஆறு வீடு. முதல் மாடியில் ஓய்வு பெற்ற அண்ணாச்சியும் அவர் மனைவியும். அவர்கள் ஹாலில் ஃபேன் தொங்குகிற கொக்கி வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேல் வீட்டில் வேலைக்குப் போகிற ஒரு அம்மா, தன் தாயாரோடும் பள்ளிக்கூடம் போகிற பையனோடும் இருக்கிறார். அவர்கள் பாத்ரூம் அந்தக் கொக்கியிலிருந்து நன்றாகத் தள்ளியே இருக்கிறது. இருந்தாலும் ஒழுகுவது அதுதான் என்று அண்ணாச்சி முடிவு கட்டிவிட்டார். டைல்ஸை உடைத்துப் பார்க்கச் சொன்னார். "உடைச்சதுக்கப்புறம் ஒண்ணும் இல்லேன்னா யார் போட்டுத் தருவா? இந்த டைல்ஸ் இப்பம் எந்தக் கடையிலும் கிடைக்காது" என்றார் மேல் வீட்டு அம்மா. இரண்டும் நியாயமான பேச்சுதான். கூரை நனைகிறவருக்கு அவசரம். தரையை உடைக்கக் கொடுக்கிறவருக்குப் பயம். அந்த அவசரத்துக்கும் பயத்துக்கும் நடுவில் பல மாதம் ஓடிவிட்டது. அண்ணாச்சி போலீசுக்கும் போய் வந்தார்.

என்னைக் கூப்பிட்டதும் நான் முதலில் மேல் வீட்டுக்குத்தான் போனேன். "உடைக்க வரலம்மா, பார்க்கத்தான் வந்தேன்" என்று சொன்ன பிறகே கதவைத் திறந்தார்கள். அந்த வீட்டுக்குத் தொட்டியிலிருந்து இறங்கும் லைனில் உள்ள கேட் வால்வை மொட்டை மாடியில் ஒரு ராத்திரி அடைத்து வைத்தேன். காலையில் வழக்கம்போலச் சொட்டியது. ஆக, தண்ணீர் வரும் குழாயில் பழுது இல்லை. அடுத்து பாத்ரூம் தரையில் தண்ணீர் வெளியேறும் துளையான நானி டிராப்பைத் துணியால் இறுக்கி அடைத்து, இரண்டு விரல்கடைக்குத் தண்ணீர் தேக்கி, அதில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கரைத்து மறுநாள் வரை விட்டேன். தேக்கிய தண்ணீர் குறையவில்லை. கீழே நீலமும் வரவில்லை.

அப்போது மேல் வீட்டு அம்மாவின் தாயாரான ஆச்சிதான் வழி காட்டினார். "எய்யா, கீழ சொட்டுதுன்னு சத்தம் கேக்கதெல்லாம் காலம்பற எட்டு மணிக்கும், மத்தியானம் பாத்திரம் கழுவுத நேரத்துக்கும்தான்" என்றார். சண்டை போடுகிற இரண்டு வீட்டிலும் நேரத்தைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான். பாத்திரம் கழுவும் தண்ணீர் என்றால், மேலிருந்து இறங்கும் பொதுக் கழிவுக் குழாயாக இருக்கலாம் என்று பட்டது. உடனே மூன்றாம் மாடிக்குப் போய் சமையலறை சிங்க்கில் நீலத்தைக் கரைத்து ஊற்றினேன். அரை மணி நேரத்தில் அண்ணாச்சி வீட்டு ஃபேன் கொக்கியில் நீலமாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.

மூன்றாம் மாடிக்காரர் மேலும் தப்பு இல்லை. எல்லா வீட்டுச் சமையலறைக் கழிவுநீரும் இறங்கும் பொதுக் குழாயில், இரண்டாம் மாடி சிங்க் வந்து சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு இணைப்பு விட்டுப்போயிருந்தது. அதில் கசிந்த தண்ணீர் குழாயின் வெளிப்பக்கமாகவே வழிந்து தளத்துக்குள் இறங்கி, வயரிங் போகிற பைப்புக்குள் புகுந்து, அது முடிகிற ஃபேன் கொக்கியில் வந்து சொட்டியிருக்கிறது. சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. பிளம்பர் எல்லாருக்கும் இது பாலபாடம். ஒரு காலை வேலை, ஒரு இணைப்பு, கொஞ்சம் ஒட்டுப் பசை. ஆறு வீடும் பங்கு போட்டதில் வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குள் அந்த அம்மாவை வாட்ஸ்அப்பில் பேசக் கூடாததெல்லாம் பேசியாயிற்று. அவர் இன்னும் அந்தக் குழுவில் திரும்பச் சேரவில்லை.

வாசகர்களுக்குப் பயன்படும் என்று சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ராப்பகலாக ஒரே சீராகச் சொட்டினால் பெரும்பாலும் அது தண்ணீர் வரும் குழாய். யாராவது புழங்கும்போது மட்டும் சொட்டினால் கழிவுக் குழாய். புழங்குவதை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று நாள் ஈரம் காயாமல் நின்றால், பாத்ரூம் தரைக்கு அடியில் பள்ளமாக விட்டிருக்கும் பகுதியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது என்று சந்தேகப்படலாம். மழைக்குப் பின் மட்டும் என்றால் மொட்டை மாடியையும் வெளிச்சுவரையும் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் கடப்பாரை வேண்டாம். எந்த நேரத்தில் சொட்டியது என்று காலண்டரில் குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. குறித்து வைக்கிறவரும் கீழ் வீட்டுக்காரர் மட்டுமாக இருக்கக் கூடாது. மேல் வீட்டில் எப்போது குளித்தார்கள், எப்போது துவைத்தார்கள் என்பது பக்கத்தில் இருந்தால்தான் பொருத்திப் பார்க்க முடியும்.

கசிவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதும் ஆபத்து. கூரையில் முதலில் வெள்ளையாக உப்புப் பூக்கும். கவனிக்காமல் விட்டால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பி ஊதும். ஊதினால் கான்கிரீட் கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழும். ஒருவர் வீட்டுக் கூரைதானே என்று மற்றவர் இருந்துவிட முடியாது. அது அவருடைய தரை.

இனி, யார் தீர்த்து வைப்பது என்ற கேள்விக்கு வருகிறேன்.

முன்பு திருநெல்வேலி டவுனில் நாங்கள் இருந்தது வளவில். நடுவில் ஒரு முற்றம், ஒரு கிணறு, சுற்றி எட்டுக் குடித்தனம். அங்கேயும் தண்ணீருக்கும் கொடிக்கயிற்றுக்கும் சண்டை வரத்தான் செய்தது. வீட்டுக்கார ஆச்சி வெளியே வந்து ஒரு சொல் சொன்னால் அடங்கிவிடும். பிடிக்காதவர்கள்கூட வாய் திறக்க மாட்டார்கள், ஏனென்றால் அத்தனை பேரும் வாடகைக்கு இருந்தவர்கள். அது நல்ல ஏற்பாடு என்று நான் சொல்ல வரவில்லை. ஆச்சிக்கு வேண்டியவர்களுக்கு ஒரு நியாயம், வேண்டாதவர்களுக்கு ஒரு நியாயம் நடந்ததும் உண்டு. ஆனால் கடைசி வார்த்தை சொல்ல ஒரு ஆள் இருந்தது. பிளாட்டில் ஆறு பேர் கையிலும் பத்திரம் இருக்கிறது. ஆறு பேரும் வீட்டுக்காரர்கள். கை தூக்கச் சொன்னால் மூணுக்கு மூணு என்று நிற்கும். அந்த ஆறில் இரண்டு வீட்டின் சொந்தக்காரர் சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார். வாடகைக்கு இருப்பவர் "ஓனர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்பார். ஓனர் போனை எடுக்க மாட்டார்.

நான் வேலை பார்க்கும் வக்கீல் ஒருவர் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில், வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்தில் குறை இருப்பதாகத் தெரிவித்தால் பில்டர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்று இருக்கிறது. கட்டிடத்தின் வரைபடங்களையும் ஆவணங்களையும் குடியிருப்போர் சங்கத்திடம் கொடுத்துவிட வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் மனை 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு சென்ட்டுக்கு மேல் போகாவிட்டால், அல்லது வீடுகள் எட்டுக்கு மேல் போகாவிட்டால், அந்தத் திட்டத்தை அந்தச் சட்டப்படி அமைந்த ரெரா ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டியதில்லையாம். நான் போகிற கட்டிடங்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகின்றன. இந்த மாதிரிக் கட்டிடம் ஒன்றில் பைப் லைன் போகும் வழியைக் காட்டும் வரைபடம் என்று ஒன்றை என் கையில் யாரும் கொடுத்ததே இல்லை. நாங்கள் சுவரைத் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறோம். கட்டும்போது குழாய் பதித்த ஆள் இப்போது எங்கே இருக்கிறாரோ, யாருக்குத் தெரியும்?

அதற்காகச் சட்டம் கைவிட்டுவிட்டது என்றும் இல்லை. 1994-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக, 2022-ல் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, 2024-ல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சங்கம் அமைப்பது, துணை விதிகள் எழுதுவது எல்லாம் அதில் இருக்கின்றன. ஆறு வீட்டுக்காரர்கள் கேட்கிற கேள்வி, "ஆறு பேருக்கு எதுக்குவே சங்கம்?" என்பதுதான். என் கண்ணில் ஆறு பேருக்குத்தான் அது ரொம்ப அவசியம். பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். வீட்டுக் குழாய் பொதுக் குழாயில் சேரும் இடம் வரை அந்த வீட்டுச் செலவு, அதற்கப்புறம் எல்லார் செலவு. கசிவு என்று புகார் வந்தால் இத்தனை நாளுக்குள் சோதனை பார்க்க வீட்டைத் திறந்து காட்ட வேண்டும். சோதனைக்காக உடைத்து, அங்கே ஒன்றும் இல்லை என்று ஆனால் பழையபடி பூசித் தரும் செலவு பொதுப் பணத்தில். வெளியூரில் இருக்கும் ஓனர் தன் சார்பில் முடிவு சொல்ல ஒரு ஆளை எழுதிக் கொடுக்க வேண்டும். மூணுக்கு மூணு என்று நின்றால் யாரிடம் போவது என்பதையும் சண்டை வருவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். சண்டை வந்த பிறகு பொதுவான ஆளைத் தேடினால், எந்த ஆளைச் சொன்னாலும் "அவர் உங்க ஆளு" என்பார்கள்.

இப்போது என்ன நடக்கிறது? முதலில் காவல் நிலையம். அங்கே மனுவை வாங்கி ரசீது கொடுத்து, இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி, இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாத்ரூம் ஒழுகுவதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் மேல் வீட்டு அம்மாவுக்கு "என்னைய ஸ்டேஷனுக்கு இழுத்துட்டாங்க" என்ற அவமானம் ஆறாது. அதற்குப் பிறகு கடவுளே வந்து கேட்டாலும் பாத்ரூமைத் திறந்து காட்ட மாட்டார். சிலர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கும் போடுகிறார்கள். வழக்கு நடக்க வருடக்கணக்கில் ஆகிறது. இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்க நீதிமன்றம் அட்வகேட் கமிஷனரை அனுப்புவது உண்டு. அப்படி ஒருவர் வந்தபோது டார்ச் அடிக்கப் போனவன் நான். ஈரம் இருப்பதை அவர் நேர்மையாகக் குறித்துக்கொண்டார். அது எங்கிருந்து வருகிறது என்பதை அவர் எப்படிச் சொல்வார்? அவர் படித்தது சட்டம்.

நம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பற்றிப் பல பேருக்குத் தெரியவில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில், வழக்கு போடுவதற்கு முன்பே ஒரு தகராறைக் கொண்டுபோகலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு முடிந்தால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் இல்லை. 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணியும் சட்ட உதவி கேட்கலாம். நாடாளுமன்றம் 2023-ல் கொண்டுவந்த மத்தியஸ்தச் சட்டத்தில் சமூக மத்தியஸ்தம் என்று ஒரு தனிப் பகுதியே இருக்கிறது. ஒரு பகுதியில் குடியிருப்பவர்களின் அமைதியைக் கெடுக்கக் கூடிய தகராறை, இருதரப்பும் சம்மதித்தால் மூன்று பேர் கொண்ட குழு பேசித் தீர்த்து வைக்கலாம் என்று அதில் இருக்கிறது; அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் மதிப்புள்ளவர்களும் குடியிருப்போர் சங்கத்துக்காரர்களும் அந்தக் குழுவில் இருக்கலாம். அங்கே எழுதும் உடன்பாட்டைக் கோர்ட் தீர்ப்புபோல அமல்படுத்த முடியாது என்றாலும், பக்கத்து வீட்டாருக்குள் அதுவே போதும் என்பது என் எண்ணம்.

என் கோரிக்கை இதுதான். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, அடுக்குமாடித் தகராறுகளுக்கு என்று மாதத்தில் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். பேச்சுக்கு உட்காரும் முன்பு ஒரு சிவில் இன்ஜினீயரை அனுப்பி, கசிவு எங்கே என்று இரண்டு தரப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வு பெற்ற இன்ஜினீயர்கள் இருக்கிறார்கள். அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, அதில் சிவில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் படிப்பின் பகுதியாகவே பழைய சின்ன அடுக்குமாடிகளுக்குப் போய், தண்ணீர் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்த வால்வு எந்த வீட்டுக்கு என்று வரைந்து கொடுத்தால், அந்த ஒரு தாளால் எத்தனையோ சண்டை வராமல் போகும். எங்களைப் போன்றவர்கள் கூடவே போய்க் காட்டுகிறோம். நான் என் வேலை நேரத்தை விட்டுக்கொடுத்து வரத் தயார். மாநகராட்சியும், எட்டு வீட்டுக்குக் கீழே உள்ள கட்டிடமாக இருந்தாலும், கட்டிட அனுமதி கேட்டு வரும்போது குழாய் வரைபடத்தின் ஒரு நகலை வாங்கி வைக்க வழி உண்டா என்று யோசிக்க வேண்டும்.

மோட்டார் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் சம்ப்பில், அதாவது தரைக்கு அடியில் உள்ள தொட்டியில், விழுகிற நேரத்தில் மோட்டாரைப் போடுவது யார், மொட்டை மாடித் தொட்டி நிறைந்து வழிந்தால் அணைப்பது யார் என்பது தினமும் நடக்கிற சண்டை. அதற்குத் தானாகப் போட்டு அணைக்கும் கருவி கடையில் கிடைக்கிறது. ஆறு வீட்டில் பங்கு போட்டால் பெரிய செலவில்லை. அதை வாங்கி வைத்த கட்டிடங்களில் மோட்டார் சண்டைக்காக யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையையும் வெள்ளத்தையும் நம் ஊரில் யாரும் மறக்கவில்லை. அதற்கப்புறம் பல வாரம் எனக்குச் சம்ப் கழுவுகிற வேலைதான். சம்ப்பில் சாக்கடைத் தண்ணீர் கலந்திருந்தது, தரையோடு இருந்த மோட்டாரும் ஸ்விட்ச் போர்டும் போயிருந்தன. ஒரு கட்டிடத்தில் மேல்மாடிக்காரர்கள் "நாங்க எதுக்குக் கொடுக்கணும், முங்குனது கீழதானே" என்றார்கள். மோட்டார் ஓடினால்தான் மேலே தண்ணீர் ஏறும் என்று நான் எடுத்துச் சொன்ன பிறகே பணம் எடுத்தார்கள். போர்டை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சில இடங்களில் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றாதவர்கள் இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாவது ஏற்றிவிடட்டும். அதற்கும் யார் செலவு என்று கேட்டால், மோட்டாருக்குச் சொன்ன கணக்குத்தான்.

இந்தக் கடிதம் ஆணைக்குழு அதிகாரிகள் கண்ணில் படும்படி வெளியிட வேண்டுகிறேன். என் பெயரைப் போட வேண்டாம். நான் போய்வரும் வீடுகளின் விஷயம் இதில் இருக்கிறது, அவர்கள் நாளைக்கும் என்னை நம்பிக் கதவைத் திறக்க வேண்டும். யாராவது இந்த ஏற்பாட்டை எடுத்துச் செய்ய முன்வந்தால் என் போன் நம்பர் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, தாராளமாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பிளம்பர் ஒருவர்,
பெருமாள்புரம், பாளையங்கோட்டை.